நூற்றிருபது கடைகள்

அண்ணன்: உட்காருன்னு சொல்றதுக்கு முன்னாடியே உட்கார்ந்துட்ட. அங்கயே பாதி மார்க் போச்சு.

தங்கை: பனியன் போட்ட தேர்வுக் குழுவுக்கு எழுந்து வேற நிக்கணுமா?

அண்ணன்: நாளைக்கு அஞ்சு பேர் கோட்டு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அவங்களை யாருன்னு நினைச்சுப் பேசுவ?

தங்கை: தூக்கம் கலைஞ்ச கடுப்புல இருக்கிற அஞ்சு அண்ணன்கள்னு.

அண்ணன்: ராத்திரி முழுக்கக் குளிர்கிடங்குல மீன் பெட்டி அடுக்கிட்டு வந்தவன் நான். மத்தியானத்துல எழுப்பி வச்சுக் கேள்வி கேளுங்கற. கடுப்பு இருக்காதா?

தங்கை: இந்த உதவித்தொகைக்கு நேர்முகம் போய் ஜெயிச்சவன் இந்த வீட்டுல நீ ஒருத்தன்தான். வேற யாரை எழுப்புவேன்? அம்மாவையா?

அண்ணன்: அம்மா உன்னை அழ வச்சிருவா. ‘பொருளாதாரம் படிக்க வெளிநாடு எதுக்கு, இங்க இல்லையா?’ன்னு... சரி, ஆரம்பிக்கிறேன். உங்க ஆய்வு எதைப் பத்தி?

தங்கை: நான் போகப்போற நாட்டுத் துறைமுக நகரத்துல ஒரு பழுதுபார்க்கிற சந்தை இருக்கு. மோட்டார், பம்பு, தையல் மெஷின், எல்லாம் சரி பண்ற சின்னச் சின்னக் கடைங்க. ஆலைங்க மூடினப்போ வேலை போனவங்க அங்க போய்ச் சேர்ந்தாங்க. அந்தக் கடைங்க அவங்களைத் தாங்குச்சா, இல்ல மெதுவா வெளிய தள்ளிடுச்சா? அதான் என் கேள்வி.

அண்ணன்: மெதுவான்னா எவ்வளவு மெதுவா?

தங்கை: ஏழு வருஷம்.

அண்ணன்: அது என்ன ஏழு? வாய்க்கு வந்த எண்ணா?

தங்கை: ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆய்வாளர் அதே சந்தையில நூத்தி இருபது கடை ஏறி இறங்கியிருக்கார். எத்தனை ஆளு, என்ன கூலி, முன்னாடி எந்த ஆலை, எல்லாம் கேட்டு எழுதியிருக்கார். அப்படி ஒண்ணு வேற யார்கிட்டயும் கிடையாது. நான் அதே கடைகளுக்குப் போய் அதே கேள்விங்களைத் திரும்பக் கேட்கப்போறேன்.

அண்ணன்: அதே நூத்தி இருபதுக்குமா?

தங்கை: ஆமா. அடுத்த கேள்வி, ஐயா.

அண்ணன்: அந்த ஆய்வாளர் யாரு?

தங்கை: ஒரு பனியன்காரர்.

அண்ணன்: விளையாடாத. அவர் ஏன் படிப்பை முடிக்கலன்னு கேட்பாங்க.

தங்கை: பேராசிரியரோட சண்டை. வீட்டுல அப்படித்தான் சொல்லி வச்சிருக்கார்.

அண்ணன்: அவர் எழுதினதை எடுத்துட்டா உங்க ஆய்வு நிக்குமா?

தங்கை: நிக்காது. முன்னூறு பேர்ல கடைசி எட்டுப் பேருக்குள்ள நான் வந்ததே அதாலதான்.

அண்ணன்: எடுத்துடேன். புதுசா நீயே ஒரு நாப்பது கடை...

தங்கை: தேர்வுக் குழு யோசனை சொல்லாது. கேள்வி மட்டும்தான்.

அண்ணன்: அண்ணனா சொல்றேன்.

தங்கை: நடுவுல அண்ணன் எங்க வந்தான்?

அண்ணன்: ... நான் அங்க எங்க தங்கினேன்னு உனக்குத் தெரியுமா?

தங்கை: சந்தைக்கு எதிர்ல. மூணாவது மாடின்னு கடுதாசி எழுதின.

அண்ணன்: ஜன்னலைத் திறந்தா எல்லாக் கடைப் பலகையும் தெரியும். ரெண்டு வருஷம் அவங்க மொழி படிச்சுட்டுத்தான் போனேன். புத்தகத்துல எல்லாம் புரியும். கடையில போய் வாயைத் திறந்தா, அந்த ஆளு கையில ஸ்பானரோட மேலயும் கீழயும் பார்ப்பான். ‘வரி ஆபீஸா?’ம்பான். இல்லைங்கறதுக்குச் சரியான சொல்லை நான் தேடி எடுக்கறதுக்குள்ள முதுகைக் காட்டிடுவான்.

தங்கை: முதல் வாரம் எல்லாருக்கும் அப்படித்தான்...

அண்ணன்: மூணு மாசம். மூணு மாசத்துல பதினோரு கடை.

தங்கை: மீதி?

அண்ணன்: இடைக்கால அறிக்கை அனுப்பலைன்னா உதவித்தொகை நின்னுடும், பெட்டியைக் கட்டிட்டு வரணும். ஜன்னலோரமா நாற்காலியை இழுத்துப் போட்டேன். பலகையைப் பார்த்துக் கடைப் பேரு. உள்ள ஆளு எத்தனைன்னு மேல இருந்தே ஒரு குத்துமதிப்பு. மத்ததெல்லாம் என் கற்பனை. ரெண்டு மூணு பேனா மாத்தி மாத்தி...

தங்கை: சில படிவத்துல கிரீஸ் கறை இருக்கே?

அண்ணன்: அறைக் கதவுக் கீல்ல இருந்து எடுத்தது. சிரிக்காத.

தங்கை: சிரிக்கல.

அண்ணன்: சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேராசிரியர் பாவம், ‘இந்த மாதிரி வேலை யாரும் செஞ்சதில்லை’ன்னு முதுகுல தட்டிக் கொடுத்தார். அதுக்கப்புறம் என்னால அவர் மூஞ்சியைப் பார்க்க முடியல. கிடங்குல யாரும் பாராட்ட மாட்டாங்க. எண்ணூறு பெட்டின்னு எழுதினா எண்ணூறு பெட்டி இருக்கும். அது போதும்னு இருந்துட்டேன்.

தங்கை: ம்.

அண்ணன்: ‘ம்’னு உட்கார்ந்திருக்காத, நல்லாத் திட்டு. நாளைக்குப் போய், இந்தத் தரவு சரியில்லைன்னு சொல்லிடு. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். இடம் போனாலும் பேரு மிஞ்சும். உனக்குத் தெரியாம நடந்ததுக்கு உன்னை என்ன சொல்லிடுவாங்க?

தங்கை: புதன்கிழமை.

அண்ணன்: என்ன?

தங்கை: அந்தச் சந்தைக்கு வார விடுமுறை புதன்கிழமை. ஞாயித்துக்கிழமைதான் அங்க நிக்க இடம் இருக்காது. உன் படிவங்கள்ல ஒரு ஞாயித்துக்கிழமை கூட இல்ல. புதன்கிழமை தேதி மட்டும் பத்தொன்பது.

அண்ணன்: ... தேதியெல்லாம் கடைசியா ஒரே மூச்சுல போட்டேன். வீட்டுல இருந்து கொண்டுபோன காலண்டர். அதுல சிவப்பு ஞாயித்துக்கிழமைக்குத்தானே... புதனுக்குப் புதன் பூட்டுத் தொங்குறதை அந்த ஜன்னல்ல இருந்து பார்த்தவன்டி நான்!

தங்கை: படிவங்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்துறப்போ கண்ணுல பட்டுச்சு. ஒருவேளை அப்போ வேற வழக்கமோன்னு சந்தைச் சங்கத்துக்கு எழுதிக் கேட்டேன். முப்பது வருஷமா புதன்தான்னு பதில் போட்டாங்க.

அண்ணன்: இரு. விண்ணப்பத்துல ஒரு உறுதிமொழி உண்டே... ‘தரவுகளை நானே சரிபார்த்தேன்’னு.

தங்கை: உண்டு. கையெழுத்துப் போட்டிருக்கேன்.

அண்ணன்: அந்தப் பதில் எப்ப வந்துச்சு?

தங்கை: விண்ணப்பம் அனுப்புறதுக்கு முந்தின நாள்.

அண்ணன்: ... அப்புறம் எதுக்கு என்னைத் தூக்கத்துல இருந்து எழுப்பின?

தங்கை: ‘நூத்தி இருபது கடை’ன்னு சொல்ற இடத்துல என் குரல் மாறுதான்னு உனக்குத்தானே தெரியும்... மாறுச்சா, அண்ணா?