அரக்கன் முன்னாடி நீட்டின துப்பாக்கி

இல்ல நைனா, மாடி ஏறாத, ஒரு நிமிசம் நில்லு. நீதானே இன்னிக்கி புதுசா ஆட வந்துக்கிற கிரண்குமாரு? ரேணிகுண்டா ஸ்டேசன்லேர்ந்து நேரா வர்றியா? நல்லதாப் போச்சி. மேல இருக்கிற மூணு பேரும் வாயத் தொறக்கறதுக்குள்ள என் பக்கத்தக் கேட்டுக்கினு போ. நான் துலுக்காணம், கீழ்வீடு. நானுந்தான் ஆடறேன். இன்னா சிரிக்கிற? ஆள் கொறையுதுன்னு அவங்களேதான் வந்து கூப்டாங்க.

ஆட்டம் உனக்கே தெரிஞ்சிருக்கும். பகடை உருட்டிக்கினு வாயாலயே கத கட்டறது. நந்திதாம்மாதான் நடத்துறாங்க, அவங்க காடுன்னா காடு, கோட்டைன்னா கோட்டை. தருண் மந்திரவாதி. சலீமு வாள்வீரன். உங்களுக்கு இன்னா வேணும் தாத்தான்னாங்க. துப்பாக்கின்னேன். பேரு? இருக்கிற பேரே இன்னும் தேயல, துலுக்காணம்னே போட்டுக்கோம்மான்னுட்டேன்.

போன ஞாயித்துக்கெழம, பாலத்த மறிச்சிக்கினு ஒரு அரக்கன். சலீமு மூணு வாட்டி வெட்டினான். கொசு கடிச்சாப்பல சொறிஞ்சிக்கினு நிக்கிறான் அரக்கன். என் முற வந்துச்சி. நேராப் போயி அவன் நெஞ்சுக்குத் துப்பாக்கிய நீட்டறேன்னு சொன்னேன். உருட்டினா பத்தொம்போது! இருவது மொகம் இருக்கிற பகடைல பத்தொம்போது நைனா. ஆத்துல குதிச்சி ஓடியே பூட்டான்.

அங்கதான் சண்ட புடிச்சிக்கிச்சி. சலீமு குதிக்கிறான். ராசா காலத்துக் கதையில துப்பாக்கி எங்கேர்ந்து வந்துச்சி, நீ வெரல மடக்கினா எல்லாம் முடிஞ்சிடும்னா நான் எதுக்கு வாளு சொமக்கணும்ங்கறான். ஞாயந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா தருண் என்னமோ முணுமுணுங்கறான், இருவது பேரு வெந்து கருகிப் போறாங்க. அவன எவனாவது லைசென்சு கேட்டானா? அவன் பண்ணா மந்திரம், நான் பண்ணா குத்தமா?

தருண் என் பக்கம். சலீமு அந்தப் பக்கம். நந்திதாம்மா, புதுசா வர்றவரு சொல்றதுதான் முடிவுன்னுட்டாங்க. அது நீதான். நீ வேணாம்னுட்டா எங்கையில ஒரு ஈட்டியக் குடுத்துடுவாங்க. ஈட்டிய வச்சிக்கினு நான் மாங்கா பறிக்கவா? எனக்குப் புடிக்கத் தெரிஞ்சது துப்பாக்கி ஒண்ணுதான் நைனா.

ஆமா, நெசத் துப்பாக்கியேதான், ரெட்டக்கொழாயி. திருப்பதில நகைக்கடை வாசப்படில இருவத்திரெண்டு வருசம் காவலு நின்னேன். மொட்ட போட்டுக்கினு வர்ற சனமெல்லாம் என்னப் பாத்து ஒதுங்கிதான் உள்ள போவும். ஒரு நாளு ஹெல்மெட் போட்டுக்கினு ரெண்டு பேரு கத்தியத் தூக்கிக்கினு வந்தானுங்க. நீட்டினேன். பைக்கக் கூட எடுக்காம ஓடிட்டானுங்க. மொதலாளி சால்வ போத்தினாரு. என் பேண்ட் நனஞ்சிருந்தத அவரு பாக்கல.

சுட்டனாவா? எங்க சுடறது? ஏஜென்சிக்காரன் துப்பாக்கிதான் குடுத்தான். தோட்டா கடசி வரைக்கும் குடுக்கவேயில்ல. எம் பொண்டாட்டி ருக்மணிக்கே தெரியாது. உங்கிட்டதான் சொல்றேன்.

சரி, ஏறு. படி ஒண்ணு ஒடஞ்சிக்கிது, பாத்து. அப்புறம் நைனா, அரக்கங்கிட்டயும் நான் நீட்டறேன்னுதான் சொன்னேன். தோட்டா இருக்குதான்னு நந்திதாம்மா கேக்கவேயில்ல.