ஒட்டுத் தெரியாத பிரேம்

பொன்தாள் ஒட்டிய பிரேமை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, மெலிசா. ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை செய்யும் உங்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

இங்கே யூனியன்வில்லில் என் பிரேம் கடைக்கு ஜோசபீன் அக்கா வந்தது தொண்ணூற்றாறில். ஊரில் யுத்த இடப்பெயர்வில் புருஷன் ஷெல் விழுந்து செத்தார். மகள் பேர்ணடெற் சனநெரிசலில் கைநழுவிப் போனாள். மிஞ்சியது ஒரேயொரு படம். கோயில் வாசலில் மூவரும் நிற்கிறார்கள். மகள் சற்று விலகி, ஓரத்தில்.

"சும்மா ஒரு கறுப்புப் பிரேம் காணும் தம்பி. பிறகு கொப்பி எடுத்துச் செஞ்சிலுவைக்கும் அனுப்பவேணும். பிள்ளையைத் தேட வேற படமில்லை" என்றார்.

என்னிடம் பதினைந்தாம் லூயி காலத்துப் பிரெஞ்சுப் பிரேம் ஒன்று இருந்தது. மூலைகளில் சிப்பி, பக்கங்களில் பூங்கொடி. மரத்தைப் பொருத்திய பிறகே செதுக்குவார்கள். அதனால் மூலையில் ஒட்டே தெரியாது. அதை வெட்டுவது பாவம். அவ்வளவு துயரப்பட்ட ஒரு மனுசிக்குக் கறுப்புப் பட்டை அடித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இனாமாகவே கொடுக்க நினைத்தேன். படம்தான் அகலம் கூடிப்போயிற்று. ஆகவே படத்தை வெட்டினேன்.

"பிள்ளை எங்க?" என்று கேட்டார் அக்கா.

"எந்தப் பிள்ளை? ரெண்டு பேர் நிண்ட படம்தானே தந்தனீங்கள்."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். பிரேமைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்குத்தான் தலை சரியில்லைப் போல. குறை நினையாதை தம்பி" என்று சொல்லிப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் தொலைந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் புண் எப்படி ஆறும்?

பிறகு அவருடைய பெறாமகன், தங்கச்சியின் பிள்ளை, கேட்டபோதும், உங்கள் டாக்டர் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். பிரேமின் ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, "பிள்ளை உள்ளுக்கை நிக்கிறாள்" என்று அழுதவரை நீங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மாத்திரை கொடுக்கிறீர்கள்.

அக்கா சொன்னது சரி. படம் பிரேமுக்குள் மேலும் கீழும் ஆடியது. வெட்டிய துண்டை எறிய மனமில்லாமல், மடித்துக் கீழே ஆப்பாகச் செருகினேன். பேர்ணடெற் அங்கேதான் இருக்கிறாள், தாய் தகப்பனின் காலடியில்.

நீங்களே கழற்றிப் பார்க்கப்போவதாகச் சொன்னதால்தான் இதைச் சொல்கிறேன். ஸ்குரூட்ரைவரைப் போட்டு நெம்பிவிடாதீர்கள். நான் வந்து கழற்றுகிறேன். இன்னும் பொன் உதிர்ந்தால் அக்கா தாங்கமாட்டார்.