ஓடத் தெரிந்த ரோபோ

புதுப்பட்டி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

“கனத்தவன் வேண்டாம்டி. அவனால சட்டுனு ஓட முடியாது,” என்றார் மூத்தவர்.

மாப்பிள்ளை பார்க்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன். இளையவளின் போனில் சண்டை ரோபோக்கள் வரிசையாக நின்றன.

“ஓடுறவனுக்குக் கவசம் கம்மி மதினி. இந்த ஆட்டத்துல ஜெயிச்சாத்தான் மாநில கேம் டீம்ல சேத்துக்கிடுவாக.”

“எதிராளி தீய வீசுறான்ல? நின்னு வாங்கவா போற? ஓடுறவனையே எடு.”

“எடுத்துட்டேன். இனிப் பேசாதீக.”

கண்டக்டர் இருமுறை டிக்கெட் கேட்டார். இருவரும் திரும்பவில்லை.

“இன்னும் ஒரே அடிதான் மதினி. ஐயோ, தீயப் போட்டுட்டான்.”

போனில் சங்கு ஊதியது.

“ஏட்டி, செத்துட்டானா?”

“இல்ல. கோட்டுக்கு வெளிய ஓடிட்டேன். வெளிய போனா தோத்ததாக் கணக்கு.”

“ஏன் போன?”

“தீயப் பாத்ததும் கை தானா வெளிய திருப்பிருச்சு.”

தீ என்றால் போட்டது போட்டபடி வெளியே ஓடு என்பது பட்டாசுக் கம்பெனிகளின் முதல் விதி. சுவரில் ஒட்டிய விதியை ஒருவர் கடைப்பிடித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மூத்தவர் போனை வாங்கித் தன் பைக்குள் வைத்தார்.

“தோத்தாத் தோத்துட்டுப் போ. அங்கன கம்பெனில நீ இப்படித்தான் ஓடணும்.”