மாப்பிள்ளை கோபமாக இருக்கிறார்

அரை நாளில் சிங்கம் பார்த்துவிட முடியுமா என்றுதான் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பார்க்கலாம், ஐயா. விடிந்ததும் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். எங்கள் வனம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் காண்டாமிருகம் மேயும், அந்தப் பக்கம் அடுக்குமாடி பால்கனிகளில் போர்வை காயும். வரிக்குதிரையைப் படம் எடுத்தால் பின்னால் ஒரு வங்கியின் விளம்பரப் பலகையும் சேர்ந்து விழும். அதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறது.

கேட்டதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் ரேடியோப் பேச்சு புரியாமல் நடந்தது எதுவும் புரியாது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒவ்வொரு வண்டியிலும் ரேடியோ உண்டு. ஒருவர் கண்ணில் பட்டதைச் சொன்னால் மற்ற வண்டிகள் அங்கே போய்ச் சேரும். ஒரு காலத்தில் "சிங்கம்" என்று பச்சையாகவே சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வண்டிக்குள் இருப்பவர்கள் எழுந்து நின்று குதிப்பார்கள். போய்ச் சேருவதற்குள் சிங்கம் கிளம்பிப் போயிருந்தால் எங்கள் சட்டையைப் பிடிப்பார்கள். எனவே ரேடியோவில் எந்த மிருகத்தின் பெயரும் வரக்கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். உறவுமுறை வைத்துப் பேசலாமே என்று யோசனை சொன்னவன் நான்தான். யானை பெரியம்மா. அவர் வழியில் நின்றால் நாம்தான் ஒதுங்க வேண்டும். காண்டாமிருகம் சம்பந்தி. கண் சரியாகத் தெரியாது, ஆனால் காரணமே இல்லாமல் முட்டிக்கொண்டு வருவார். கழுதைப்புலி சித்தப்பா. எல்லோரும் சாப்பிட்டு முடித்த நேரம் பார்த்துத்தான் வருவார்.

சிங்கம், மாப்பிள்ளை. பகல் முழுக்கத் தூக்கம். வேலை எல்லாம் வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள், சாப்பாடு மட்டும் முதலில் இவருக்கு. எழுந்து நாலு எட்டு நடந்தால் அதுவே ஊருக்கெல்லாம் செய்தி. நான் இந்தப் பெயரை வைத்தபோது என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இதில் முன்விரோதம் எதுவும் கிடையாது என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது எங்களிடம் இருப்பது ஒரே சிங்கம். வயதாகிவிட்டது. இறைச்சி வண்டி தினமும் போய்ச் சாப்பாடு போட்டுவிட்டு வரும். ஒருமுறை வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதில் எரிச்சலாகி ஒரு வண்டியின் டயரைக் கடித்துவிட்டது. அதிலிருந்து ஒரு விதி. "மாப்பிள்ளை கோபமா இருக்கார்" என்று ரேடியோவில் யாராவது சொன்னால் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள். அவர் கோபம் ஆறுகிறவரை அந்தப் பக்கம் ஒரு வண்டியும் போகாது.

இனி வீட்டு மாப்பிள்ளைக்கு வருகிறேன். தங்கமான பையன். லிப்ட் கம்பெனியில் பழுது பார்க்கிற வேலை. எனக்கு ஒரே மகள் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே வந்து இருந்தார். என் மேல் அவருக்கு மரியாதை அதிகம். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே என் நாற்காலி இருக்கிறது. அதில் உட்காருவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "உக்காரலாமா மாமா?" என்று கேட்பார். கேட்ட பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் போய் ஜன்னல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். நாற்காலிக்காகச் செய்தேன் என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. ஒரு நாற்காலிக்காக யாராவது இப்படிச் செய்வார்களா?

மகளுக்காகத்தான் செய்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். எங்கள் வனத்தில் மேசைப்பாறை என்று ஒன்று இருக்கிறது, மேலே தட்டையாக இருக்கும். அதில் ஏறி நின்றால் நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே அவளுடைய மருத்துவமனையின் நீலக் கண்ணாடி தெரியும். வேலைக்கு நடுவே வண்டியை அங்கே நிறுத்தி, மேலே ஏறி, அந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் சோற்று டப்பாவைத் திறப்பேன். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி எறிகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்றைய நாள் முடியும்.

போன மாதம் சாப்பிடும்போது மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாமா, மாற்றல் வந்திருக்கு. கொஞ்சம் தூரம். விமானத்துலதான் போகணும்."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா வந்துடுவேன்பா" என்றாள்.

என் மனைவி எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். "புள்ளைங்க நல்லா இருந்தா நமக்கு அதுதானே வேணும்?" என்றாள். நானும் ஆமாம் என்றேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் என் நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தேன். காலையில் மனது சரியாகிவிட்டது, ஏனென்றால் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

கூட்டிக்கொண்டு போகும்படி கேட்டது அவர்தான். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது உங்க சிங்கத்தைப் பாத்துடணும் மாமா. அந்தப் பாறையிலிருந்து அவ ஆஸ்பத்திரியை ஒரு படமும் எடுக்கணும். அவளுக்குத் தெரிய வேணாம், திடீர்னு காட்டலாம்." இதுதான் அவர் சொன்னது. நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. ஊழியரின் உறவுக்காரர் ஒருவர் காலி இருக்கையில் வரலாம் என்று எங்களுக்குச் சலுகை உண்டு.

அன்றைக்கு என் வண்டியில் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். மாப்பிள்ளை முன்னிருக்கையில் என் பக்கத்தில். பெரியம்மாவைப் பார்த்தோம். சம்பந்தி தூரத்தில் தெரிந்தார். பல் டாக்டர் நீர்யானை கொட்டாவி விட்டதைப் பார்த்து, "எவ்ளோ சொத்தை" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். காற்று குளுமையாக இருந்தது. என் மனதும் லேசாகத்தான் இருந்தது.

மேசைப்பாறைக்கு வந்ததும் நிறுத்தினேன். மாப்பிள்ளை கேமராவை எடுத்துக்கொண்டு, "மாமா, இறங்கலாமா?" என்றார். அவர் எதையும் கேட்டுத்தான் செய்வார் என்று சொன்னேனே. நானும் என் இஷ்டத்துக்கு அனுமதி கொடுக்கவில்லை. ரேடியோவை எடுத்து அலுவலகத்தில் கேட்டேன். அங்கே இருக்கிற அம்மாவை ரேடியோ அக்கா என்போம். அவர் அறைக்கு ஜன்னல் கிடையாது.

"அக்கா, மேசைப்பாறைகிட்ட இருக்கேன். மாப்பிள்ளை இறங்கலாமா?"

"அவரை யாரு தடுக்க முடியும்? இறங்கட்டும். நீங்க வண்டிய ஒட்டி நிறுத்தாம தள்ளிப் போயிடுங்க, பெரியண்ணே."

பதிவு உங்களிடமே இருக்கிறது, போட்டுக் கேட்கலாம். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆபீஸ்ல எனக்கு இவ்ளோ மரியாதையா மாமா?" என்றார். இறங்கினார், ஏறினார், பாறை மேல் நின்று கையை ஆட்டினார். எனக்குத் தள்ளிப் போகும்படி உத்தரவு. நான் போனேன். கிளம்பும்போது இரண்டு தடவை ஹாரன் அடித்தேன்.

பல் டாக்டரின் மனைவி, "அவரை விட்டுட்டுப் போறீங்களே" என்றார்.

"அவர் நம்ம வீட்டு ஆளுங்க. பார்த்துக்குவாங்க."

கொஞ்ச தூரம் போனதும் பல் டாக்டர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். பாறைக்குப் பின்னாலிருந்து சிங்கம் எழுந்து, உடம்பை முறுக்கிக்கொண்டு, நிதானமாக நடந்து வந்தது. காலை வெயிலில் பிடரி மயிர் நன்றாகவே இருந்தது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் படம் எடுத்தார்கள்.

"அவருக்கும் அதுக்கும் பழக்கமோ?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு பேரும் எனக்கு ஒரே முறைதாங்க."

ஐயா, அன்றைக்கு நான் பேசியதில் பொய் என்று ஒன்றை எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம். அடுத்த வண்டி ஓட்டுகிறவரை மொட்டை என்று கூப்பிடுவோம். அவர் ரேடியோவில், "அண்ணே, மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டார். மேசைப்பாறை மேல் என்றேன். என்ன செய்கிறார் என்றார். அந்த நேரம் என் கைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, மாப்பிள்ளைதான் கூப்பிடுகிறார். எந்த மனிதனாக இருந்தாலும் கோபம் வரத்தான் செய்யும். அதனால், "மாப்பிள்ளை கோபமா இருக்கார்" என்றேன்.

உடனே ரேடியோ அக்கா, "மேசைப்பாறைப் பாதை மூடியாச்சு. யாரும் அந்தப் பக்கம் தலைவைக்காதீங்க" என்றார். மொட்டை வண்டியைத் திருப்பிக்கொண்டு பெரியம்மாவைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை டிக்கெட்டில் போட்டிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். இது எனக்கு நீங்கள் பதிவைப் போட்டுக் காட்டிய பிறகுதான் தெரியும்.

"ஹலோ, நான் மாப்பிள்ளை பேசறேன். மேசைப்பாறை மேல மாட்டிக்கிட்டேன்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். டிரைவர்கள் அடிக்கடி இப்படி விளையாடுவது உண்டு. "சொல்லுங்க மாப்பிள்ளை. சாப்டீங்களா?"

"இல்லைங்க, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க."

"அனுப்பறேன் அனுப்பறேன். குண்டா வேணுமா, ஒல்லியா வேணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பாவம், அந்த அம்மாள் இப்போது சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாராம். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். மகளை மாப்பிள்ளை கூப்பிடவில்லை. பயந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். ஒரு படம் மட்டும் அனுப்பியிருந்தார், நீலக் கண்ணாடிக் கட்டடம், கொஞ்சம் சாய்வாக எடுத்தது. குணத்தில் குறை சொல்ல முடியாத பையன்.

மத்தியானம் வண்டியை விட்டு இறங்கியபோது பல் டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் இணையப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ஊழியர்கள் விலங்குகளோடு ஒரே குடும்பமாகப் பழகுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். பிற்பகலில் பாதையைத் திறந்தார்கள். முதலில் போனது மொட்டை. போனவர் ரேடியோவில் "சிங்கம், சிங்கம்" என்று அலறினார். முதலாளி உத்தரவு போட்ட பிறகு அந்தச் சொல்லை ரேடியோவில் அன்றைக்குத்தான் கேட்டோம். விதிப்படி அது தப்பு. இருந்தாலும் அவர் இருந்த நிலையில் யாரும் கண்டிக்கவில்லை.

இப்போது நீங்கள் இறைச்சி வண்டிக்காரரின் வாக்குமூலத்தை எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறீர்கள். சரி. அந்த வண்டி தினமும் காலையில் மேசைப்பாறைக்குத்தான் போகும், சிங்கம் அதன் நிழலில்தான் படுத்திருக்கும். போனதும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார்கள். அடித்தால் சிங்கம் சாப்பிட எழுந்து வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தேன். சிங்கம் எங்கே என்று அன்றைக்கு நான் யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இறைச்சி வண்டிக்காரரிடம் முன்கூட்டியே போய், "ரெண்டு நாளைக்கு வரவேணாம்பா. மாப்பிள்ளைக்கு எங்க வீட்டுச் சாப்பாடு" என்று சொன்னதும் நான்தான். சிங்கத்துக்கு மாமனார் விருந்து வைக்கிறார் என்று நினைத்து, "அசத்துங்க அண்ணே" என்றார். முதல் நாள் நான் சிங்கத்துக்கு எதுவும் போடவில்லை. பசித்திருக்க வேண்டும் அல்லவா? அவ்வளவுதான், ஐயா. செய்தது நான், தனியாக, யோசித்துத்தான் செய்தேன்.

மகள் இங்கே ஒரு தடவை வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள், உட்காரவில்லை.

"அவர் கூப்பிட்டப்ப ஏம்பா போனை எடுக்கல?"

"வண்டி ஓட்டும்போது எடுக்கக் கூடாதும்மா."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்புறம் போய்விட்டாள். நெஞ்சு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

என் மனைவியும் வந்தாள். அவள்தான் ஒரு கதை சொன்னாள். மாற்றல் மாப்பிள்ளைக்கு இல்லையாம், மகளுக்காம். அவளே கேட்டு வாங்கினாளாம். அப்பாவிடம் சொல்லப் பயந்து அவரைச் சொல்ல வைத்தாளாம். உன் அப்பாவை விட்டுவிட்டுப் போக வேண்டாம், இங்கேயே இருந்துவிடலாம் என்று கடைசிவரை அவளிடம் மன்றாடிக்கொண்டிருந்தது மாப்பிள்ளைதானாம். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள், பெண்களுக்குத் துக்கத்தில் அப்படி வரும். மாற்றல் வந்திருக்கு என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேனே.

நேற்று மகள் விமானம் ஏறிவிட்டாளாம். தனியாக. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்களும் பெண்ணைப் பெற்றவர் என்று சொன்னீர்கள். முன்பின் தெரியாத ஊருக்கு, துணைக்கு மாப்பிள்ளைகூட இல்லாமல், சின்னப் பெண்ணை அவ்வளவு தூரம் யார்தான் அனுப்புவார்கள், சொல்லுங்கள்?