என் எதிர்லயே கழட்டுங்க

மகள்: என் எதிர்லயே கழட்டுங்க.

அப்பா: பாப்பா...

மகள்: இந்த மேசையில, இந்த வெளிச்சத்துல. லேப்டாப்பை உள்ள எடுத்துட்டுப் போக வேண்டாம்.

அப்பா: வர்ற வழியெல்லாம் என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்? அது ஒண்ணை மட்டும் கேட்காதேன்னேனா இல்லையா?

மகள்: ஏழு தடவை சொன்னீங்க. எண்ணிக்கிட்டேதான் வந்தேன்.

அப்பா: தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. முப்பது வருஷமா பம்பு பிரிக்கிறவன் நான். எதிர்ல வச்சுப் பிரின்னு ஒருத்தனும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தா ஸ்பேனரை அவன் கையிலயே கொடுத்துட்டு வந்திருப்பேன்.

கடைக்காரர்: அதான் பெரியவரே. நீங்க தொழில்காரர், உங்களுக்குப் புரியுது. பாப்பா படிச்ச பொண்ணு...

மகள்: படிச்சதாலதான் கேட்கிறேன்.

கடைக்காரர்: டிஸ்க் செத்துப்போச்சும்மா. எத்தனை தடவை சொல்றது?

மகள்: முதல் வாரம் ஃபேன்ல தூசின்னீங்க. ரெண்டாவது வாரம் பேட்டரி ஊதிடுச்சுன்னீங்க. மூணாவது வாரம் சாமான் வரணும், கூரியர்காரன் இழுத்தடிக்கிறான்னீங்க. கூரியர் ஆபீஸ்ல போய் நின்னா, அந்தக் கடைக்கு எதுவும் வர வேண்டியதே இல்லைங்கறான். அதுக்கு மறுநாள்தான் டிஸ்க் செத்துச்சு.

கடைக்காரர்: ஒண்ணைச் சரி பண்ணினாத்தானே அடுத்த கோளாறு தெரியும். டாக்டர்கிட்ட போனா...

மகள்: டாக்டர் வயித்தைத் திறந்தா உள்ள இருக்கறதை எடுத்து வித்துட மாட்டார்.

அப்பா: வாயை அடக்கு.

கடைக்காரர்: பேசட்டும் விடுங்க. ஒரு வருஷ உழைப்பு போச்சுன்னா யாருக்கும் கோபம் வரும்.

மகள்: ஒரு வருஷம் எட்டு மாசம். நானூத்திப் பன்னெண்டு வயல்ல இறங்கி மண் அள்ளி, சோதிச்சு, ஒவ்வொண்ணா ஏத்தி வச்ச கணக்கு. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணி ஆய்வேட்டுக்குக் கடைசி. தாண்டினா பட்டம் இல்லை. முதல் நாளே உங்ககிட்ட சொன்னேன். உன் ஆய்வேடு என் பொறுப்பு தங்கச்சின்னீங்க.

கடைக்காரர்: நகல் எடுத்து வச்சுக்கணும்மா. படிச்ச பொண்ணுக்கு இது தெரிய வேண்டாமா?

மகள்: நகலும் உங்ககிட்டதான் இருந்துச்சு. பென்டிரைவ்ல வைரஸ் இருக்கும், கொடு, சுத்தம் பண்ணித் தர்றேன்னு வாங்கினீங்க. பண்ணித்தான் கொடுத்தீங்க. ஒரு எழுத்துகூட மிச்சமில்லை.

அப்பா: நீயும்தான் அதை ஓயாம தட்டிக்கிட்டே இருந்தே. மோட்டாரே நிறுத்தாம ஓடினா உள்ள காயில் கம்பி கருகிடும். தம்பி சொல்றதுல என்ன தப்பு?

மகள்: பாத்தீங்களாப்பா... பத்து நாளா வீட்ல இதேதான். பொண்ணு நெட்ல கண்டதையும் திறந்து பாத்திருக்கும், அதான் மிஷின் போச்சுன்னு இவர் உங்ககிட்ட சொன்னார். நீங்க ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கலை. அன்னியிலேருந்து அம்மா என் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க.

அப்பா: அது... தெரிஞ்சவர் சொல்றப்போ...

கடைக்காரர்: சரி, வீட்டுச் சண்டையை வீட்ல வச்சுக்குங்க. கழட்டணும், அவ்வளவுதானே? கழட்டினதுக்கு அப்புறம் நான் பொறுப்பில்லை.

மகள்: இதுவரைக்கும் இருந்தீங்களா? ...இருங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. உள்ள இருக்கறது என் டிஸ்க்தானே?

கடைக்காரர்: பின்னே, எதிர்வீட்டு டிஸ்க்கா?

மகள்: நீங்க மாத்தலை.

கடைக்காரர்: என் பிள்ளைங்க மேல சத்தியமா மாத்தலை. போதுமா?

மகள்: கேட்டுக்கிட்டீங்களாப்பா?

அப்பா: கேட்டேன். சத்தியம் வரைக்கும் ஏன் போகணும்... தம்பி, ஒரு நிமிஷம். இந்த ஸ்க்ரூவுல ஒண்ணு மட்டும் கறுப்பா இருக்கே?

கடைக்காரர்: உருண்டு விழுந்துடுச்சு. வேற போட்டேன்.

அப்பா: ம்... எனக்கும் உருளும். குனிஞ்சு தேடி எடுத்துடுவேன்.

மகள்: மூடி கழண்டாச்சு. கண்ணாடியைப் போட்டுக்குங்கப்பா. டிஸ்க் மேல சீட்டு ஒட்டியிருக்கும். நம்பரைப் படிங்க.

அப்பா: எனக்கு எங்கே இங்கிலீஷ்...

மகள்: எழுத்து வேண்டாம். பம்பு நம்பர் பாப்பீங்கல்ல, அது மாதிரி. கடைசி அஞ்சு மட்டும்.

அப்பா: ரெண்டு... சைபர்... ஏழு, ஏழு... ஒண்ணு.

மகள்: இப்ப இந்த நோட்டு. பச்சை மையில எழுதியிருக்கறது.

அப்பா: ஒன்பது, நாலு, நாலு, ஆறு, மூணு.

கடைக்காரர்: எதைப் பாத்து எழுதினாளோ. சார்ஜர் நம்பரா இருக்கும்.

மகள்: எங்க ஆய்வுக்கூடத்துல ஒரு மண் டப்பா கைமாறணும்னா முதல்ல நம்பரை எழுதணும். எழுதாம கொடுத்தா எங்க பேராசிரியர் டப்பாவையே கவுத்துடுவார், போய்த் திரும்ப அள்ளிட்டு வாம்பார். அந்தப் பழக்கத்துல, உங்ககிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி வீட்லயே மூடியைக் கழட்டி எழுதிக்கிட்டேன்.

கடைக்காரர்: கேட்டீங்களா பெரியவரே, கழட்டியிருக்கு! அங்கதான் போயிருக்கு. நான் சொன்னேன்ல?

அப்பா: நீயா கழட்டினே?

மகள்: நாலு ஸ்க்ரூ. நாலையும் திருப்பிப் போட்டேன். நாலும் வெள்ளை.

அப்பா: நாலும் வெள்ளைங்கறா. இங்க ஒண்ணு கறுப்பு.

கடைக்காரர்: ஒரு ஸ்க்ரூவை வச்சு என்ன பெரியவரே கணக்கு?

அப்பா: அதுக்கில்லை... எழுதறப்போ ஒரு நம்பர் மாறிப்போகலாம் பாப்பா. அசதியில...

மகள்: அஞ்சுமா?

கடைக்காரர்: நோட்டுல யார் வேணா என்ன வேணா எழுதலாம். அந்த நம்பர் போட்ட டிஸ்க்கைக் காட்டச் சொல்லுங்க. காட்டிட்டா இன்னியோட கடையைச் சாத்திடறேன்.

மகள்: பொறுங்க. பையில அடியில இருக்கு.

கடைக்காரர்: எது?

மகள்: இந்த டிஸ்க். நம்பரைப் படிங்கப்பா.

அப்பா: ஒன்பது... நாலு... நாலு... ஆறு...

மகள்: ஏன் நிறுத்திட்டீங்க?

அப்பா: மூணு.

கடைக்காரர்: இது... இது எப்படி உன் கையில...

மகள்: போன திங்கக்கிழமை ஒரு பொண்ணு பழைய லேப்டாப் ஒண்ணு வாங்கிட்டுப் போனாளே. நல்லா ஓடுமாண்ணே, நல்லா ஓடுமாண்ணேன்னு நச்சரிச்சாளே. புது டிஸ்க்கே போட்டிருக்கேன், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போன்னு கொடுத்தீங்க. அவ என் பக்கத்து சீட்டு. எங்க வகுப்புல இன்னும் மூணு பேருக்கு உங்ககிட்ட வந்த பிறகுதான் டிஸ்க் செத்துச்சு. ஒவ்வொண்ணும் செத்த மறுவாரம் உங்க அலமாரியில ஒரு பழைய மிஷின் பளபளன்னு வந்து உக்காருது. அதனாலதான் அவளை அனுப்பினேன். இதுக்குள்ள என் ஆய்வு அப்படியே இருக்கு.

கடைக்காரர்: வாய்ப்பே இல்லை. அதுல இருந்ததை மொத்தமா அழிச்சுட்டுத்தானே நான்—

அப்பா: எதைத் தம்பி?

கடைக்காரர்: இல்லை... நான் பொதுவா...

அப்பா: அழிச்சுட்டுன்னீங்க. மாத்தவே இல்லைன்னு பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணினீங்க. மாத்தாததுல எதை அழிச்சீங்க?

மகள்: அழிச்சதா அவருக்கு நினைப்புப்பா, அழிக்கலை. அதுக்கும் சோம்பல். புதுப் பேர்ல ஒரு பயனர் கணக்கைத் திறந்து முன்னாடி வச்சுட்டு, என்னோடதை அப்படியே விட்டுட்டார். என் கடவுச்சொல்லை அடிச்சேன். நானூத்திப் பன்னெண்டு வயலும் வரிசையா நின்னுச்சு.

அப்பா: தம்பி, எனக்கு இவ பேசினது கோபமில்லை. நானும் தொழில்காரன்னு என்னைக் கொண்டுபோய் உங்க பக்கத்துல நிறுத்தி, உங்களுக்காக இவ்வளவு நேரம் பெத்த பொண்ணை அதட்டினேனே... அந்த ஸ்க்ரூவை இங்க கொடுங்க.

கடைக்காரர்: எதுக்கு?

அப்பா: மூடியை நான் போடறேன். உங்க கை இதுல பட வேண்டாம்.

கடைக்காரர்: பெரியவரே... தங்கச்சி... கை தவறி நடந்துடுச்சு. நேரம் இன்னும் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள நானே உக்காந்து பிரிண்ட் போட்டு, அட்டை போட்டு, காலேஜ் வாசல் வரைக்கும் கொண்டாந்து தர்றேன். இது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும்.

மகள்: ஆய்வேட்டை வியாழக்கிழமையே கொடுத்துட்டேன்.

அப்பா: என்னது?

மகள்: கொடுத்து, கையெழுத்து வாங்கியாச்சுப்பா.

அப்பா: அப்போ நேத்து முழுக்க வீட்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தது?

மகள்: அது ஆய்வேட்டுக்காக இல்லை.

கடைக்காரர்: டிஸ்க்கும் கிடைச்சாச்சு, கொடுக்க வேண்டியதையும் கொடுத்தாச்சு. அப்புறம் எதுக்கு இன்னிக்கு வந்து என் உயிரை வாங்கினே?

மகள்: இதை வீட்ல எடுத்து நீட்டியிருந்தா, எங்கேயோ தொலைச்சுட்டு எங்கேயோ கண்டெடுத்திருப்பேன்னு அப்பா சொல்லியிருப்பார். நீங்க பொய் சொல்றதை அவர் காதால கேட்கணும். நம்பரை அவர் வாயால படிக்கணும். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்... மூடிட்டீங்களாப்பா? பையில வைங்க.

அப்பா: மூடிட்டேன். வீட்டுக்குப் போலாம். அம்மாகிட்ட நானே சொல்றேன்.

கடைக்காரர்: புகார் கிகார்னு போயிடாதே தங்கச்சி. நாலு பேர் வந்து போற கடை...

மகள்: அந்த நாலு பேர்தான் காலையில போலீஸ் ஸ்டேஷன் போய்ப் புகார் கொடுத்துட்டு வந்தோம். சாட்சிக்கு ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி. ஒருத்தரை அழைச்சுட்டு வர்றேன், அரை மணி நேரம் கொடுங்கன்னு சொல்லி, அந்த இடத்தை உங்களுக்காகக் காலியா விட்டுட்டு வந்தேன்ப்பா. செருப்பை மாட்டுங்க, வீட்டுக்கு அப்புறம் போலாம்.