கனகாங்கியில் பதினோரு நிமிடம்

கரமனையில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் சத்தமே இருக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். வீட்டிலேயே ரெக்கார்டு செய்ய அதைவிட நல்ல நேரம் கிடையாது.

நான் ஜாஸ் கீபோர்டு வாசிப்பவன். கோவளத்து ஹோட்டல்களில் எல்லாரும் வாசிக்கும் ஸ்கேல்களையே வாசித்து அலுத்துப்போய், நம் கர்நாடக மேளகர்த்தாக்களை அதற்குள் கொண்டுவந்தேன். அதிலும் கனகாங்கி மாதிரி விவாதி மேளங்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அவற்றைப் பாடினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் மனிதர்களுக்கு ஒரு பயம். என் மனைவி ஜானவிக்கும் இருந்தது. "ஏன்னா, ஆத்துல மட்டும் கனகாங்கி வேண்டாம். யாருக்காவது ஏதாவது ஆயிடும்" என்பாள். பதினாறு வருஷம் அவள் பேச்சைக் கேட்டேன்.

ஏழு மாதம் முன்பு அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு போயிற்று, வலப்பக்கம் போயிற்று. தொண்டையில் சளி அடைத்தால் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். "சாரே, சேச்சி தட்டினா அப்பவே மிஷின் வச்சு சளி எடுக்கணும் கேட்டோ. தாமசிக்கப்படாது" என்று ஹோம் நர்ஸ் பிரேமா சொல்லிக்கொடுத்திருந்தாள். ஞாயிறு பிரேமாவுக்கு லீவு, வித்துராவில் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். ஜானவியைத் தனியே விட முடியாதென்று கீபோர்டைக் கட்டில் பக்கத்திலேயே போட்டேன். வெளியே வாசிக்கப் போவது நின்றது. என்னோடு டிரம்ஸ் வாசித்த சுஜின் வேறு குழுவுக்குப் போனான். நான் என்ன செய்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

கொச்சியில் ஒரு விழாவுக்கு அந்த ஞாயிறு மாலைக்குள் பதிவு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த அறையில் ப்ளக் பாயிண்ட் இரண்டுதான். ஒன்று கீபோர்டுக்கு. சளி மிஷினைக் கழற்றிவிட்டு மற்றதில் ரெக்கார்டரைச் செருகினேன். மைக்கைக் கட்டில் கம்பியில் கட்டினேன். அவள் தட்டுவது நல்ல தாளமாக இருப்பதை முந்தின வாரமே கவனித்திருந்தேன்.

கனகாங்கியை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டத் தொடங்கினாள். வேகம் ஏறியது, நானும் ஏற்றினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு தட்டினாள். சுஜின்கூட ஒருநாளும் என்னை அப்படிப் பார்த்து வாசித்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

விவாதி வாசித்ததால்தான் போனாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்த ராகத்தை வீட்டில் வாசித்தது என் குற்றம்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பதிவை மட்டும் நீங்கள் முழுக்கக் கேட்க வேண்டும். பதினோரு நிமிடம் ஓடும். நான்காவது நிமிடத்தில் அவள் தாளம் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில்கூட நான் ஒரு அட்சரம் தவறவில்லை.