கூட்டம் என்று யாருக்கும் பெயர் இல்லை

இயக்குநர் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஜெபம் சொல்லி இந்த அவையைத் தொடங்கிவைத்த பாதிரியார் அவர்களே, ஸ்டுடியோவின் விளம்பரத் துறைத் தலைவர் திரு. லைல் டன்னிங் அவர்களே, நேரில் வர இயலாமல் மலர்வளையங்களை மட்டும் அனுப்பி, அவற்றுக்கு முன்வரிசையிலேயே இடம் பிடித்துக் கொடுத்திருக்கும் மாபெரும் நட்சத்திரங்களே, முதல் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மார்த்தா, என் கண்ணே, உனக்குப் பின்னால் கறுப்பு உடையில் மண்டபத்தை நிறைத்திருப்பவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் ரூபன் கால்டர். மறைந்த மேதை, திரையுலகப் பேராசான் ஹார்லன் பெக்வித் அவர்களிடம், படங்கள் வாய் பேசாத காலத்திலிருந்து உதவி இயக்குநராக இருந்தவன். என் வேலை என்ன? ஆள் சேர்ப்பது, ஆளை நிறுத்துவது, ஆளை அதட்டுவது. மெகாபோனில் கத்திக் கத்தித்தான் தொண்டை இப்படி ஆனது. எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். நகரமே கண்ணீரில் மிதக்கிறது என்றார்கள். எனக்கு அப்படிப் பேச வராது. எனக்கு வருவது இன்று ஒன்றுதான்: வெட்கம். துக்கம் கூட இல்லை ஐயா, வெட்கம்! எதற்கு வெட்கம்? சொல்கிறேன்.

நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருக்கும் பெக்வித்தின் மகள் மார்த்தா இன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கினாள். வாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ரூப் மாமா, அப்பாவை இந்த ஊரு மறந்தே போச்சுன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். இங்க பாத்தா உக்கார இடமில்ல! அப்பாவுக்காகவா இத்தனை பேரு வந்திருக்காங்க?"

"ஆமாம்மா" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். அவள் அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து உள்ளே போனாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. பரவாயில்லையே, இந்த ஊருக்குக் கொஞ்சம் நன்றி மிச்சம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு மேடை ஏறினேன்.

ஏறி நின்று உங்களைப் பார்த்தேன். பார்த்தால் என்ன? மூன்றாம் வரிசையில், முகத்தில் கறுப்பு வலை போட்ட அம்மாள். எங்கள் படங்களில் அவர் எத்தனையோ முறை செத்திருக்கிறார். ஒருமுறை கொள்ளைநோயில், ஒருமுறை கப்பல் மூழ்கி. அவருக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாடிப் பெரியவர். அவர் போட்டிருக்கும் கோட்டின் இடது கையில் ஒரு தீப்பட்ட தடம் இருக்கிறது பாருங்கள், அது நாங்கள் எடுத்த தீவிபத்துக் காட்சியில் பட்டது. ஸ்டுடியோவின் உடை அலமாரியில் தொங்கும் கோட்டு அது! அவருக்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் ஒரு வரிசை... எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். எல்லோரும் துணை நடிகர்கள். கூலிக்கு வரவழைக்கப்பட்ட துக்கம்!

மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திரு. டன்னிங்கிடம் காதோடு கேட்டேன்.

"என்ன லைல் இது? யாரு இவங்கள்லாம்?"

"கூட்டம். வேற யாரு? காலி நாற்காலியப் படம் புடிச்சா நல்லாவா இருக்கும்? அடுத்த மாசம் அந்த ஆளோட ரயில்வே ஸ்டேஷன் படத்தை மறுபடி ரிலீஸ் பண்றோம்ல, அதுக்கு முன்னாடி இந்தச் செய்திப்படம் ஓடும். நீ கைக்குட்டைய எடுக்கறப்போ மட்டும் கொஞ்சம் கேமரா பக்கம் திரும்பிக்க."

முறைக்காதீர்கள் டன்னிங். சொன்னீர்களா இல்லையா?

மார்த்தா, என்னை மன்னித்துவிடு. வாசலில் நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்ன பொய். தெரிந்த பிறகும் அதை உன் கையில் விட்டுவைத்தால், ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு போவாய். அப்படி உன்னை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உன் அப்பாவுக்காக இந்த ஊர் வரவில்லை, கண்ணே. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குக் கூசுகிறது.

யாருடைய வழியனுப்பில் இந்தக் கூத்து? ஹார்லன் பெக்வித்தின் வழியனுப்பில்! 'கூட்டம்' என்ற சொல்லைக் கேட்டாலே கொதித்துப் போகிற மனிதருக்கு! இதைவிடக் கேவலம் உண்டா?

அந்த ரயில் நிலையப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடைமேடை முழுக்க ஆட்களை நான்தான் நிறுத்திவைத்திருந்தேன். எல்லாம் தயார். இவர் தொப்பியை முன்னால் சரித்துக்கொண்டு வருகிறார், ஒரு பெண்ணின் முன்னால் போய் நிற்கிறார்.

"நீ யாரும்மா?"

"கூட்டம் சார்."

"கூட்டம்னு எந்த அம்மாவாவது பிள்ளைக்குப் பேரு வைப்பாளா? யாரு நீ? எதுக்கு ஸ்டேஷனுக்கு வந்தே?"

அந்தப் பெண் விழிக்கிறாள். என்னைப் பார்க்கிறாள். நான் வானத்தைப் பார்க்கிறேன்.

"சரி கேளு. உன் பேரு அடா. உன் தங்கச்சி இந்த ரயில்ல வர்றா. ரெண்டு பேருக்கும் ரொம்ப வருஷமாப் பேச்சில்ல. அவ இறங்கினதும் கட்டிப் புடிச்சுக்கறதா, மூஞ்சியத் திருப்பிக்கறதான்னு நீ இன்னும் முடிவு பண்ணல. புரியுதா? ரயில் வர்ற வரைக்கும் முடிவு பண்ணாதே."

அடுத்த ஆளிடம் போகிறார். "நீ? உனக்குப் பல்வலி. டாக்டரப் பாக்கப் போறே, பயந்துக்கிட்டு ஸ்டேஷன்லயே சுத்தறே." அதற்கடுத்த ஆள். "நீ மீன்காரன். பாதிரியாருக்குக் கெட்டுப்போன மீன வித்துட்டே. அவரு கண்ணுல படாம நடக்கணும்." இப்படியே ஒவ்வொருவராக! வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. தயாரிப்பாளர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

"ஐயோ பெக்வித்! படத்துல இந்தப் பொம்பள கடுகளவு கூடத் தெரியமாட்டா! யாருய்யா பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்ல?" என்றார் இவர்.

கதாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்து புகைந்துகொண்டிருந்தார். "எனக்காக யாரும் ஷூட்டிங் நடத்தலையா?" என்று கேட்டார். "மீன்காரனுக்கு இன்னும் பொண்டாட்டி பேரு வைக்கல, கொஞ்சம் பொறுங்க" என்று பதில் வந்தது. அந்தக் கதாநாயகர்தான் பிறகு விருது மேடையில் நின்று, இவருக்கே எல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்று தழுதழுத்தவர். இன்று அவருடைய மலர்வளையம் வந்திருக்கிறது. ஆளை விட உயரம். நல்ல ரோஜா.

புனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. கோபம் வந்தால் பேயாட்டம் ஆடுவார். ஒருமுறை என் மெகாபோனைப் பிடுங்கி நீச்சல் குளத்தில் எறிந்தார், நானே போய் இறங்கி எடுத்தேன். பிடிவாதக்காரர், வாயாடி, சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். ஆனால் அவர் படங்களில் தூரத்தில் நடந்துபோகிற ஆள்கூட எங்கோ போகிற ஆளாக இருந்தான். அதை மற்றவர்கள் செய்து பார்த்தார்கள், யாருக்கும் வரவில்லை.

பிறகு படங்கள் ஓடவில்லை. வரிசையாக ஓடவில்லை. ஸ்டுடியோவின் கார் நிறுத்துமிடத்தில், தரையில் அவர் பெயர் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும். ஒருநாள் நாங்கள் இருவரும் வேலை முடித்து வெளியே வந்தால், அவர் கார் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒருவன் மண்டியிட்டு அந்தப் பெயரின் மேல் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறான். வேலை போய்விட்டது என்று இவரிடம் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை! பூசுகிறவன் இவரைப் பார்த்ததும் தூரிகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். இவர் குனிந்து பார்த்தார்.

"நல்லா ரெண்டு தடவை அடிப்பா. இல்லேன்னா ஒரு மழைக்கே நான் திரும்பி வந்துடுவேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மாடி ஜன்னல் எல்லாவற்றிலும் முகங்கள். எழுத்தாளர்கள், படத்தொகுப்பாளர்கள், நேற்று வரை இவர் வீட்டில் சாப்பிட்டவர்கள். ஒருவர் இறங்கி வந்தாரா? ஒரு கை குலுக்கக் கீழே வந்தாரா? படியில் ஒரு காலடிச் சத்தமும் கேட்கவில்லை. அந்த ஜன்னல் முகங்களில் ஒன்றுகூட இன்று இந்த மண்டபத்திலும் இல்லை. இதுதான் நம் தொழில். இதற்குத்தான் நாம் கலை என்று பெயர் வைத்திருக்கிறோம்!

டன்னிங் எழுந்து நின்று கையைக் காட்டுகிறார். செய்திப்படக்காரர்கள் விளக்கை அணைக்கிறார்கள். தேவையான அளவு எடுத்துவிட்டார்களாம். சரி, அணைக்கட்டும். என்ன சொன்னீர்கள் டன்னிங்? "கூட்டம் போலாம், வாசல்ல சம்பளச் சீட்டு வாங்கிக்கலாம்" என்கிறீர்களா? கேட்டதல்லவா நண்பர்களே, நீங்கள் போகலாம். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நாளைக்கும் உங்களை வேலைக்குக் கூப்பிட வேண்டியவர் அவர்தான். எழுந்து போங்கள், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

ஏன் யாரும் எழவில்லை?

மூன்றாம் வரிசை அம்மா, ஏன் வலையைத் தூக்குகிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், எனக்குக் காது மந்தம்.

"கறுப்பு கவுனு போட்டுக்கிட்டு வான்னுதான் சொன்னாங்க சார். செத்தது யாருன்னு சொல்லல. வாசல்ல போட்டோவப் பாத்தேன், அப்பத்தான் தெரிஞ்சுது. எனக்குச் சீட்டு வேணாம். நான்தான் சார் அடா."

கடவுளே! ரயில் நிலையத்து அடா! ஹெஸ்டர் பாம், நீங்களா அது?

உட்காருங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி? "நான் பல்வலி!" என்கிறார் ஒருவர். வெள்ளைத்தாடிப் பெரியவரே, நீங்கள்? மீன்காரரா! பெண்டாட்டி பெயரும் நினைவிருக்கிறதா? லோட்டி என்கிறீர்களா! அந்தப் பக்கத்தில் ஒருவர், பெக்வித் தனக்குக் கொடுத்தது தலைமுடி பறிபோனவன் கதை என்கிறார். சிரிக்காதீர்கள், பாதிரியார் பார்க்கிறார். பாதிரியாரும் சிரிக்கிறார்.

மார்த்தா, திரும்பிப் பார் அம்மா. நான் இப்போதுதான் உன்னிடம் சொன்னதை மறுபடி திருத்த வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் இருமுறை பொய்யனாவது கேவலம்தான், ஆனால் இந்தக் கேவலத்தை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன். இவர்களைக் கூலி கொடுத்துத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களுக்குத்தான் யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியவில்லை.

என்ன ஹெஸ்டர்? எங்கே எழுந்து வருகிறீர்கள்?

அவர் சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது, நான் சொல்கிறேன். அந்தக் காட்சியில் ரயில் வரவே இல்லை. வருவதற்குள் வெளிச்சம் போய்விட்டது, ஷாட் அதோடு முடிந்துவிட்டது. தங்கையைக் கட்டிக்கொள்வதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்ற முடிவை ஹெஸ்டர் பெக்வித்திடம் சொல்லவே இல்லையாம். "இத்தனை வருஷமா மனசுக்குள்ள வெச்சிருக்கேன் சார், அவருகிட்ட சொல்லணும்னு" என்கிறார்.

சொல்லுங்கள் அம்மா. அவர் மகள் இதோ இருக்கிறாள். அவளும் இன்று காலை ரயிலில்தான் வந்தாள்.

பார்த்தீர்களா? கட்டிக்கொள்வது என்றுதான் முடிவு செய்திருக்கிறார்.

டன்னிங், இதைப் படம் பிடிக்க உங்களிடம் விளக்கு இல்லை. நல்லதாகப் போயிற்று.

நண்பர்களே, முடிக்கிறேன். நினைவிடம் கட்டுவோம், சிலை வைப்போம் என்று இங்கே பேசினார்கள். என்னால் ஆவது வேறு. இனி நான் வேலை செய்யும் எந்த செட்டிலும், கேமராவுக்கு எத்தனை தூரத்தில் நின்றாலும் சரி, பெயரில்லாமல், போகும் இடமில்லாமல் ஒருவரும் நிற்கமாட்டார்கள். கதாநாயகர் புகைந்தால் புகையட்டும், வெயில் இறங்கினால் இறங்கட்டும். இது ஹார்லன் பெக்வித்தின் பெயரால் நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. தவறினால் என் மெகாபோனைப் பிடுங்கிக் குளத்தில் எறியுங்கள்.

இப்போது கிளம்பலாம். மார்த்தா வாசலில் நிற்பாள். அவளைக் கடந்து போகும்போது, ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்து, அவள் அப்பா உங்களுக்கு வைத்த பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரம் வேண்டாம். ஒருவர் பின் ஒருவராக வாருங்கள்.